அலுவலக இணையத்துக்குப் பூட்டு

கேள்வி: ஈரோட்டில் வரி ஆலோசனை அலுவலகம் நடத்துகிறேன். எட்டுக் கணினிகளும் ஊழியர்களின் செல்போன்களும் ஒரே ரவுட்டரில் இணைந்துள்ளன. ஜிஎஸ்டி தாக்கலுக்குக் கடைசி நாளான 11, 20 தேதிகளில்கூட சிலர் யூடியூப் பார்க்கிறார்கள். தள முகவரிகளைக் குறித்துவைக்கும் ஹோஸ்ட்ஸ் என்ற விண்டோஸ் கோப்பில் எழுதித் தடுத்தேன்; இரண்டே நாளில் யாரோ அழித்துவிட்டார்கள். செலவில்லாமல் கட்டுப்படுத்த வழி உண்டா?
- ஒரு வாசகர்

பதில்: ஹோஸ்ட்ஸ் கோப்பை அழிக்க முடிந்ததென்றால், ஊழியர்கள் கணினியில் எதையும் மாற்றும் உரிமையுள்ள அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கிலேயே வேலை செய்கிறார்கள் என்று பொருள். அவர்களுடைய கணக்குகளை ஸ்டாண்டர்டு வகைக்கு மாற்றி, அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டை உங்களிடம் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இதைச் செய்யாதவரை மற்ற எதுவும் நிலைக்காது.

தடுக்க வேண்டிய தளங்களுக்குப் பட்டியல் போடத் தொடங்கினால் அதற்கு முடிவே இராது. உங்கள் தொழிலுக்குத் தேவையான தளங்களோ விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஆகவே விண்டோஸ் புரோ பதிப்பில் உள்ள குரூப் பாலிசி எடிட்டரில் (கணினிக்கான விதிகளை அமைக்கும் கருவி), குரோம், எட்ஜ் பிரவுசர்களுக்கு இலவசமாகக் கிடைக்கும் பாலிசி டெம்ப்ளேட்டுகளை (விதிகளின் பட்டியல் அடங்கிய கோப்புகள்) சேர்த்து, யூஆர்எல் பிளாக்லிஸ்ட் என்ற இடத்தில் ஒரே ஒரு நட்சத்திரக் குறியை இட்டால் எல்லாத் தளங்களும் அடைபடும். பிறகு அனுமதிக்கும் தளங்களுக்கான அலவ்லிஸ்டில் ஜிஎஸ்டி, வருமான வரி, டிடிஎஸ் தளங்களையும் உங்கள் மின்னஞ்சலையும் சேர்த்துவிடலாம். வங்கித் தளங்களை மறந்துவிடாதீர்கள். வரி கட்டும்போது திரை வங்கியின் பக்கத்துக்குத் தாவும், 20ஆம் தேதி மாலையில் அது அடைபட்டு நின்றால் பழி உங்கள் தலையில்தான் விழும். வாடிக்கையாளர்கள் பில்களை வாட்ஸ்அப்பில் அனுப்பும் வழக்கம் இருந்தால் வாட்ஸ்அப் வெப்பையும் விட்டுவைக்கத்தான் வேண்டும். ஃபயர்ஃபாக்ஸ் போன்ற பிரவுசர்களை அட்மினிஸ்ட்ரேட்டர் அனுமதி இல்லாமலேயே நிறுவிக்கொள்ள முடியும் என்பதால், புதிதாக எதுவும் முளைத்திருக்கிறதா என்று அவ்வப்போது பாருங்கள்.

செல்போன்களை ரவுட்டரின் கெஸ்ட் நெட்வொர்க்குக்கு (விருந்தினருக்கான தனி வைஃபை) மாற்றி, வசதி இருந்தால் வேகத்துக்கும் வரம்பு வையுங்கள். சொந்த டேட்டாவில் பார்ப்பதை எந்த ரவுட்டராலும் தடுக்க முடியாது. வேலைக்கான ஓடிபி செல்போனுக்குத்தான் வரும் என்பதால் அதைப் பிடுங்கி வைக்கவும் முடியாது. இந்தச் சிக்கலை ஊழியர்களிடம் நேரில் பேசித்தான் தீர்க்க வேண்டும். என்னென்ன தடை போடப்போகிறீர்கள் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

ரவுட்டரின் அடிப்பக்க ஸ்டிக்கரில் அச்சிட்டிருக்கும், அமைப்புகளை மாற்ற உதவும் பாஸ்வேர்டை உடனே மாற்றுங்கள். ஆனால் பெரும்பாலும் பின்புறத்தில் ரீசெட் என்ற சிறு துளை இருக்கும். அதில் குண்டூசியைச் சில விநாடிகள் அழுத்தினால் பழைய பாஸ்வேர்டே திரும்ப வந்துவிடும். ஆகவே ரவுட்டரை உங்கள் அறையில், பூட்டு உள்ள இடத்தில் வைப்பது நல்லது.