எதையும் தூக்கிப் போட மனசு வரலீங்க: ஊத்துக்குளி வாசகிக்குப் பதில்

கேள்வி: எனக்கு 56 வயது. ஊத்துக்குளி பக்கம் தோட்டத்து வீடு. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ரொம்ப வருஷம் செக்கிங் வேலை பார்த்தேன். கால்மிதி தைக்கலாம், தலையணையில் அடைக்கலாம் என்று அப்போதிருந்தே கட்பீஸ் கொண்டுவந்து சேர்த்தேன். வீட்டுக்காரர் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருந்தார். அவர் தவறி ஆறு வருஷம் ஆகிறது. கடைச் சாமான் அத்தனையும் ஆசாரத்தில் (முன்கூடத்தில்) கிடக்கிறது. அட்டாலி (பரண்) நிறைந்துவிட்டது. கட்டிலில் பாதி மூட்டை, மீதியில் நான். போன வைகாசியில் நான் பழனிக்குப் போயிருந்தபோது மகன் டெம்போ பிடித்து மூன்று லோடு எடைக்குப் போட்டுவிட்டான். இரண்டு மாசம் அவனோடு பேசவில்லை. இப்போது வீடு பழையபடி நிறைந்து கிடக்கிறது. வருகிற ஆவணியில் அவனுக்குக் கல்யாணம். பெண் வீட்டார் வந்தால் எங்கே உட்கார வைப்பேன்? இது வியாதியா, இல்லை என் புத்தியே இப்படியா? எங்கிருந்து ஆரம்பிக்கட்டும்?

பதில்:

புத்தி அல்ல அம்மா, வியாதிதான். பொருள் சேர்க்கும் கோளாறு என்று இதைச் சொல்கிறோம். முன்பு ஓசிடி என்கிற எண்ணச் சுழற்சி நோயின் ஒரு கிளையாக இதை வைத்திருந்தார்கள். 2013-ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு இதைத் தனி நோயாகப் பிரித்தது. 2022-ல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப்பட்டியலிலும் தனியாக இருக்கிறது. நூறு பேரில் இரண்டு மூன்று பேருக்கு இருக்கலாம் என்று வெளிநாட்டுக் கணக்குகள் சொல்கின்றன. பெரும்பாலும் பள்ளிக்கூட வயதிலேயே மெதுவாக ஆரம்பித்து, வயது ஏற ஏற முற்றும். வீட்டில் ஒரு சாவோ பிரிவோ வந்தால் திடீரென்று பெருகும். உங்கள் கதையும் ஏறத்தாழ அப்படித்தான் தெரிகிறது. இதுவரை இந்தப் பழக்கமே இல்லாத ஒருவர் அறுபதைத் தாண்டிப் புதிதாகச் சேர்க்க ஆரம்பித்தால் அது வேறு விஷயம். அவருக்கு முதலில் ஞாபக சக்தியையும் மூளையையும் பரிசோதிக்க வேண்டும்.

நம் பக்கத்தில் இதைக் கண்டுபிடிக்கத் தாமதமாவதற்கு ஒரு காரணம் உண்டு. சிக்கனமும் செட்டுமாகக் குடித்தனம் பண்ணுகிறவர் என்றால் கொங்கு நாட்டில் அது பெரிய பேர். மழை பொய்க்கிற மேட்டுக்காட்டில் வாழ்ந்தவர்கள் ஒரு கயிற்றுத் துண்டைக்கூட வீசமாட்டார்கள். ஆனால் சிக்கனக்காரர் வீட்டில் அந்தக் கயிறு எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். உங்கள் வீட்டில் எத்தனை கத்தரிக்கோல் இருக்கும்? தேடினால் கிடைக்காது என்று தெரிந்து புதிதாக ஒன்று வாங்கியிருப்பீர்கள். அங்கேதான் சிக்கனம் முடிந்து நோய் தொடங்குகிறது. ஏழ்மையில் வளர்ந்தவர்களுக்குத்தான் இது வரும் என்றும் பலர் சொல்வார்கள். ஆய்வுகளில் அந்தத் தொடர்பு உறுதிப்படவில்லை. பெரிய இழப்பு, அதிர்ச்சி, மனச்சோர்வு இவற்றோடுதான் தொடர்பு தெரிகிறது.

அப்புறம், நீங்கள் சோம்பேறி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். டேவிட் டோலின் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 2012-ல் ஒரு மூளை ஸ்கேன் ஆய்வை வெளியிட்டார்கள். இந்த நோய் உள்ளவர்களிடம் பழைய காகிதங்களைக் காட்டி, வைத்துக்கொள்வதா, கிழித்துப் போடுவதா என்று கேட்டார்கள். அடுத்தவர் காகிதம் என்றால் முடிவெடுக்கும் பகுதிகள் மந்தமாக இருந்தன. அவர்களுடைய சொந்தக் காகிதம் என்றதும் அதே பகுதிகள் அளவுக்கு மீறி வேலை செய்தன. உங்களுக்கே இது அனுபவத்தில் தெரிந்திருக்கும். கம்பெனி மேசையில் ஒரு நாளைக்கு எத்தனை பீஸ் உங்கள் கையில் வந்து போயிருக்கும்! ஓட்டை, கறை, தையல் விட்டது என்று பார்த்த மாத்திரத்தில் ஒதுக்கியிருப்பீர்கள். அதே துணி உங்கள் வீட்டு மூட்டைக்கு வந்துவிட்டால் அரை மணி நேரம் யோசித்தாலும் முடிவு வராது. முடிவெடுக்கும் திறமை போய்விடவில்லை, உங்களுடையது என்று ஆன பொருளிடம் மட்டும் அது மாட்டிக்கொள்கிறது. சிகிச்சை என்பது பெரும்பாலும் அந்தத் திறமையை வீட்டுக்குள் கொண்டுவரும் பயிற்சிதான்.

மகன் செய்தது ஏன் பலிக்கவில்லை என்பதும் இதிலிருந்தே விளங்கும். மூன்று லோடு போனதில் நீங்கள் ஒரு முடிவுகூட எடுக்கவில்லை. பயிற்சி நடக்கவில்லை, பயம்தான் கூடியது. "நான் இல்லாத நேரத்தில் என் சாமான் போய்விடும்" என்று ஆகிவிட்டால், கை இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். இந்தப் பத்தியை மகனிடம் காட்டுங்கள். தம்பி, உங்கள் அவசரம் புரிகிறது. இனிமேல் அம்மா சொல்லாமல் ஒரு டப்பாவைக்கூட நகர்த்த வேண்டாம். அம்மா முடிவெடுக்கும்போது பக்கத்தில் உட்காருங்கள், கேட்டால் தூக்கிக் கொடுங்கள், "இதெல்லாம் ஒரு சாமானா" என்ற பேச்சு வேண்டவே வேண்டாம். "சாமி, அதை வெச்சுரு" என்று அம்மா சொன்னால் வைத்துவிடுங்கள்.

பொங்கல் காப்புக் கட்டுக்கு முன்னால் எல்லாவற்றையும் வாசலில் எடுத்துப் போட்டுவிட்டு, சாயங்காலம் திரும்ப உள்ளேயே அடுக்குகிற வழக்கம் இருந்தால் இந்த வருஷம் அது வேண்டாம். ஒவ்வொன்றையும் எடுப்பது, பார்ப்பது, "அப்புறம் பார்க்கலாம்" என்று இன்னொரு குவியலில் வைப்பது. இடுப்பு ஒடிய வேலை பார்த்த மாதிரி இருக்கும், குறைந்திருக்காது. பெரிய குவியலைத் தொடாமல் சின்ன இடத்தில்தான் ஆரம்பிக்க வேண்டும்.

அதற்கும் முன்னால், புதிதாகச் சாமான் உள்ளே வருவதை நிறுத்துங்கள். இந்த நோய் உள்ளவர்களில் பெரும்பாலோர் கழிக்காததோடு நிற்பதில்லை, தேவைக்கு மேல் கொண்டுவரவும் செய்கிறார்கள். காசு கொடுத்து வாங்குவதைவிட இலவசமாக வருவதுதான் உங்களிடம் ஜாஸ்தி என்று நினைக்கிறேன். தெரிந்தவர் கொடுக்கும் கட்பீஸ், கல்யாணத் தாம்பூலப் பை, ஐஸ்கிரீம் டப்பா, ஸ்வீட் பாக்ஸ். முதல் இரண்டு வாரம் எதையும் கழிக்காவிட்டாலும் பரவாயில்லை, புதிதாக ஒன்றும் வாசல்படி தாண்டக் கூடாது. "போதும்ங்க, வீட்ல இருக்குதுங்க" என்று ஒருவரிடம் சொல்லிப் பழகுவதே ஒரு பயிற்சி. சொன்ன பிறகு மனசு அடித்துக்கொள்ளும். அதைக் கவனித்தபடி சும்மா இருங்கள், கொஞ்ச நேரத்தில் அடங்கும்.

எந்த இடத்தில் தொடங்குவது என்றால், மனசுக்குப் பிடித்த இடத்தில் அல்ல, ஆபத்தான இடத்தில். ரீவைண்டிங் கடைச் சாமானில் பழைய வார்னிஷ், தின்னர் டின்கள் இருக்கலாம். பஞ்சுத் துணி மூட்டையும் அவையும் ஒரே ஆசாரத்தில் இருப்பது எனக்கு நல்லதாகப் படவில்லை. வீட்டுக்காரரின் தொழில் தெரிந்த யாரையாவது கூப்பிட்டு, உங்கள் கண் முன்னாலேயே அவற்றை முதலில் அப்புறப்படுத்துங்கள். அடுத்து கேஸ் அடுப்பைச் சுற்றிலும், சுவிட்ச் போர்டுக்குக் கீழேயும். கட்டிலிலிருந்து பொடக்காலிக்கு (புழக்கடைக்கு) போகும் தடமும், தலைவாசலுக்குப் போகும் தடமும் ராத்திரி இருட்டில் கால் தட்டாமல் நடக்கிற அளவுக்கு வேண்டும். தோட்டத்து வீட்டில் துணி மூட்டைக்குள் தேளும் பூரானும் குடியிருக்கும், கையுறை போட்டுக்கொண்டே கை வையுங்கள்.

இனி பயிற்சி. கட்டிலில் இருக்கும் மூட்டையில் ஒன்றே ஒன்றை எடுத்துத் திண்ணைக்கு வாருங்கள். போனில் பதினைந்து நிமிஷத்துக்கு அலாரம் வையுங்கள். மூன்று இடம்: வீட்டில் இருக்கப் போவது, வேறு ஆளுக்குப் போவது, குப்பைக்கும் எடைக்கும் போவது. "யோசிக்கலாம்" என்று நான்காவது இடம் கிடையாது. ஒரு துண்டை எடுக்கிறீர்கள், நீலக் கலர், ஒரு சாண் அகலம். கால்மிதிக்கு ஆகுமே என்று மனசு சொல்லும். அந்த நேரத்தில் உங்களையே கேளுங்கள். போன வருஷம் எத்தனை கால்மிதி தைத்தேன்? ஒரு கால்மிதிக்கு எவ்வளவு துணி வேண்டும், இந்த வீட்டில் எவ்வளவு இருக்கிறது? நாளைக்கே வேண்டுமென்றாலும் திருப்பூரில் கட்பீஸ் கிடைக்காமல் போய்விடுமா? கடைசிக் கேள்விக்கு உங்களுக்கே சிரிப்பு வந்துவிடும்.

முடிவெடுக்கும் முன், இதைக் கொடுத்துவிட்டால் எவ்வளவு தவிப்பாக இருக்கும் என்று 0 முதல் 10 வரை ஒரு எண்ணை நோட்டில் எழுதுங்கள். துணி கையை விட்டுப் போன பிறகு ஒரு எண், மறுநாள் காலையில் ஒரு எண். முதலில் 8 என்று எழுதியவர்கள் மறுநாள் 2, 3 என்று எழுதுவதை வழக்கமாகப் பார்க்கிறோம். எதைக் கொடுத்தோம் என்பதே சில சமயம் நினைவில் இருக்காது. நான் சொல்லி நீங்கள் நம்புவதைவிட உங்கள் நோட்டு சொன்னால் நம்புவீர்கள். ஒரு சில பொருளுக்கு எண் இறங்காமலும் இருக்கும். அதனால் ஒன்றும் குடி முழுகிவிடாது, அதையும் எழுதி வையுங்கள். அலாரம் அடித்ததும் நிறுத்திவிட வேண்டும், உற்சாகம் இருந்தாலும்.

"வேறு ஆளுக்கு" என்ற இடத்தில் ஒரு பொறி இருக்கிறது. வீணாகாமல் சரியான ஆளிடம் சேர வேண்டும் என்று கட்டி வைத்த மூட்டைகள், அந்தச் சரியான ஆளைத் தேடியே பத்து வருஷம் கிடக்கும். அதனால் அந்த வாரத்துக்குள் போக வேண்டும், போகாவிட்டால் எடைக்கு. கட்பீஸ் விஷயத்தில் உங்களுக்கு அதிர்ஷ்டம் உண்டு. லேத் பட்டறைக்காரர்களுக்கும் வண்டி மெக்கானிக்குகளுக்கும் கை துடைக்க, மெஷின் துடைக்கப் பனியன் வேஸ்ட் எப்போதும் வேண்டும். வீட்டுக்காரரின் தொழில் நண்பர்கள் பட்டறைக்கே போகட்டும்.

காகிதம் தனிக்கதை. பத்திரம் கலந்து போய்விடுமோ என்ற பயத்தில் ஒரு பேப்பரையும் கழிக்காதவர்கள் நிறைய. ஆகவே முதல் நாள் கழிக்கவே வேண்டாம், பொறுக்குங்கள். பத்திரம், பட்டா, பாஸ்புக், ஆதார், ரேஷன் கார்டு, சர்டிபிகேட்டுகள், வீட்டுக்காரரின் இறப்புச் சான்றிதழ், இன்ஷூரன்ஸ். இவை ஒரு தகரப்பெட்டிக்குள் போய்ப் பூட்டிவிட்ட பிறகு மீதிக் குவியலைப் பார்த்தால் பயம் பாதியாகக் குறையும். பட்டா, சிட்டாவை இப்போது அரசு இணையதளத்திலேயே எடுத்துக்கொள்ளலாம், கரண்ட் பில்லையும் அப்படியே பார்த்துக்கொள்ளலாம். கடைக் கணக்கு நோட்டுகளை மட்டும் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கழியுங்கள்.

வீட்டுக்காரரின் சாமானைக் கடைசிக்கு வையுங்கள், வார்னிஷ் டின்கள் தவிர. அவர் கையால் சுற்றிய காயிலையும் ஐஸ்கிரீம் டப்பாவையும் ஒரே தராசில் வைக்க முடியாது. அவர் நினைவாக ஒரு அலமாரி, அவ்வளவு இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் வைண்டிங் மெஷின் வேண்டுமா, அவர் சட்டை வேண்டுமா என்பது உங்கள் இஷ்டம். மிச்சமாகும் செம்புக் கம்பிக்கு நல்ல விலை உண்டு, கல்யாணச் செலவுக்கு ஆகும். அவர் இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது, ஆனால் அதைச் சொல்ல நான் யார், உங்களுக்குத்தான் தெரியும். அலமாரி முன்னால் உட்கார்ந்தாலே அழுகை அடங்கவில்லை என்றால் அது சாமான் பிரச்சினை அல்ல, ஆறாத துக்கம். அதற்குத் தனியாகப் பேச ஆள் வேண்டும்.

ஆவணிக்குள் முடியுமா என்று கேட்டால், முழு வீடும் முடியாது. ராண்டி ஃப்ராஸ்ட், கெயில் ஸ்டெகெட்டி என்ற இரண்டு ஆய்வாளர்கள் வகுத்த சிகிச்சை முறையே 26 அமர்வுகள். வாரம் ஒன்று என்றாலும் அரை வருஷம் ஆகும், அதிலும் பெரும்பாலோருக்கு நன்றாகக் குறையும், முழுதும் தீர்ந்துவிடும் என்று சொல்ல முடியாது. ஆவணிக்கு ஆசாரம், சமையல்கட்டு, உங்கள் கட்டில் இந்த மூன்றும் போதும். அட்டாலி அப்படியே இருக்கட்டும், பெண் வீட்டார் அங்கே ஏறிப் பார்க்கப் போவதில்லை. ஆசாரத்தில் இடம் விழுந்ததும் அன்றைக்கே இரண்டு நாற்காலியைப் போட்டு, பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காபி கொடுங்கள். காலியாக விட்ட இடத்தில் மறுபடியும் மூட்டைதான் வந்து உட்காரும்.

தூக்கம் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல், பசி எடுக்காமல் இருந்தால் மேலே சொன்ன பயிற்சிக்கு முன்னால் மனநல மருத்துவரைப் பாருங்கள். இந்த நோயோடு மனச்சோர்வு சேர்ந்தே இருப்பது மிகச் சகஜம், அதற்கு மருந்து நன்றாகக் கேட்கும். மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனையிலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. வீட்டை விட்டுக் கிளம்ப யோசனையாக இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு (அரசின் மனநல உதவி எண்) கூப்பிடுங்கள், காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். நேரில் போவதானால், ஒதுங்க வைக்காமல் வீடு இருக்கிறபடியே ஒவ்வொரு அறையையும் வாசல்படியில் நின்று மகனை ஒரு போட்டோ எடுக்கச் சொல்லிக் கொண்டுபோங்கள். அறை எவ்வளவு நிறைந்திருக்கிறது என்பதை ஒன்று முதல் ஒன்பது வரை படங்களோடு ஒப்பிட்டு மதிப்பிடும் முறை ஒன்று எங்களிடம் உண்டு, நான்கு வந்தாலே உதவி தேவை என்று எடுத்துக்கொள்வோம். வாயால் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு அரை மணி நேரம் திணறுவதைவிட, போட்டோவை நீட்டினால் டாக்டருக்கு உடனே புரிந்துவிடும்.