வாசகர் கேள்வி – பதில்: பழைய கட்டடத்தை வீடாக்கக் கவுன்சில் எப்போது சம்மதிக்கும்?

இம்முறை வந்த கடிதங்களில் பல, பழைய கட்டடங்களை ஃபிளாட்டாக மாற்றுவது பற்றியவை. பதில்கள் இங்கிலாந்துக்கு மட்டுமே பொருந்தும். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் சட்டம் வேறு.

கேள்வி: மூடிக் கிடக்கும் விக்டோரியா காலத்துச் சேப்பல் ஒன்றை நானும் தம்பியும் சேர்ந்து வாங்க யோசிக்கிறோம். கிரேடு 2 லிஸ்டட் பில்டிங். மூன்று ஃபிளாட் போடலாம், முகப்பைத் தொடாவிட்டால் உள்ளே எதுவும் செய்யலாம் என்கிறார் பில்டர். சரியா?
— ஹாரோ வாசகர்

சரியில்லை. பழைய கட்டடம் வாங்குகிறவர்களை அதிகம் அலைக்கழிக்கும் தவறான நம்பிக்கை இதுதான். லிஸ்டட் என்றால், சிறப்புக்காகப் பாதுகாக்கும் கட்டடங்களின் அரசுப் பட்டியலில் ஏறியது. அதில் ஏறியிருப்பது முகப்பு அல்ல, முழுக் கட்டடமும். மாடிப்படி, கதவுகள், சுண்ணாம்புப் பூச்சு, சுவரோடு பொருத்திய மர இருக்கைகள், மேல் கலரி (மாடி இருக்கைத் தளம்) எல்லாம் அதில் அடக்கம். அதே வளவுக்குள் 1948 ஜூலை 1-க்கு முன்பே இருந்துவரும் மதிலும் கொட்டகையும் பொதுவாகச் சேரும். பாரம்பரியக் கட்டடங்களைக் கவனிக்கும் அரசு அமைப்பான ஹிஸ்டாரிக் இங்கிலாந்தின் பட்டியலை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். அங்கே உங்கள் சேப்பலின் குறிப்பில் உட்புறம் பற்றி ஒரு வரிகூட இல்லாவிட்டாலும் உட்புறத்துக்குப் பாதுகாப்பு உண்டு. 2013-க்குப் பிறகு எழுதிய சில பதிவுகளில் மட்டும், இன்ன பகுதி சேராது என்று வெளிப்படையாக விலக்கியிருப்பார்கள்.

கிரேடு 2 என்றால் சின்ன விஷயம் என்றும் நினைக்க வேண்டாம். பட்டியலில் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டவை கிரேடு 2-தான். அனுமதி வாங்கும் கடமை மூன்று தரத்துக்கும் (கிரேடு 1, 2 ஸ்டார், 2) ஒன்றே. அனுமதி இல்லாமல் அதன் தன்மையைப் பாதிக்கும் வேலை செய்வது 1990-ஆம் ஆண்டுச் சட்டப்படி கிரிமினல் குற்றம். உச்சவரம்பில்லாத அபராதமோ, இரண்டு ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். பில்டர் சொன்னார் என்பது உங்களைக் காப்பாற்றாது.

உங்களுக்கு வேண்டியவை இரண்டு அனுமதிகள். வழிபாட்டு இடத்தைக் குடியிருப்பாக்கப் பிளானிங் பெர்மிஷன் ஒன்று. கட்டடத்தில் கைவைக்க லிஸ்டட் பில்டிங் கன்சென்ட் இன்னொன்று. இரண்டாவதற்குக் கட்டணம் கிடையாது. இரண்டையும் ஒரே நாளில், ஒரே வரைபடங்களோடு போடுங்கள். தனித்தனியே போட்டால் ஒன்று கிடைத்து மற்றது கிடைக்காமல் போகலாம். விதிப்படி 8 வாரத்தில் முடிவு வரவேண்டும்; பத்து வீடு அல்லது அதற்கு மேற்பட்ட திட்டமென்றால் 13 வாரம். நடைமுறையில், கால நீட்டிப்புக்குச் சம்மதிக்கிறீர்களா என்று அதிகாரி கேட்பார். அவர் திருத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்வரை சம்மதிப்பதே நல்லது. மறுத்தால் கையில் இருப்பதை வைத்து நிராகரித்துவிடுவார்.

கவுன்சில் எதை நிறுத்துப் பார்க்கிறது? மூன்று ஃபிளாட்டா, இரண்டா என்பது அவர்களுக்கு முதல் கேள்வி அல்ல. இந்தக் கட்டடத்தின் சிறப்பு எது, உங்கள் திட்டத்தால் அதில் எவ்வளவு போகிறது, அந்த இழப்புக்கு ஈடாகப் பொதுவில் என்ன நன்மை என்பதே கேள்வி. பாழாகும் கட்டடத்துக்கு நீடித்த பயன்பாடு ஒன்று கிடைப்பதும் பொது நன்மைதான். ஆனால் தாக்குப்பிடிக்கக்கூடிய வழிகள் பல இருந்தால், கட்டடத்துக்கு மிகக் குறைந்த சேதம் செய்யும் வழியைத்தான் கவுன்சில் தேடும். அது உங்களுக்கு அதிக லாபம் தரும் வழியாக இருக்க வேண்டியதில்லை. அதிக விலை கொடுத்து வாங்கிவிட்டோம், மூன்று இல்லாவிட்டால் கட்டுப்படியாகாது என்ற வாதம் எடுபடாது. ஆகவே விலை பேசுவதற்கு முன்பே கட்டடம் எத்தனை வீடு தாங்கும் என்று பார்த்துவிடுங்கள்.

சேப்பலின் சிறப்பு பெரும்பாலும் அந்த ஒற்றை உயர்ந்த வெளிதான். அதை இரண்டாகப் பிளக்கும் புதிய தளத்தில்தான் திட்டங்கள் விழுகின்றன. உயர்ந்த ஜன்னலின் நடுவே தளம் குறுக்கே ஓடினால், இரவில் உள்ளே விளக்கு எரியும்போது தெருவிலிருந்து பார்ப்பவருக்கு ஜன்னலை வெட்டியதுபோல் ஒரு கருப்புக் கோடு தெரியும். வரைபடத்தில் இதைக் கண்ட உடனேயே, கவுன்சிலில் பாரம்பரியக் கட்டடங்களைப் பார்க்கும் கன்சர்வேஷன் அதிகாரி பேனாவை எடுப்பார். வழிகள் உண்டு. ஜன்னலுக்கு ஒரு மீட்டர் அளவு முன்பே தளத்தை நிறுத்தலாம். பழைய கலரி இருந்தால் அதன் மட்டத்திலேயே புதுத் தளத்தை வைக்கலாம். ஒரு பகுதியையாவது தரையிலிருந்து கூரை வரை திறந்தபடி விடுவது பெரிய பலம். புதுத் தளத்தின் விட்டங்களைப் பழைய சுவரில் துளையிட்டுச் சொருகாமல், தனி இரும்புத் தூண்களில் தாங்குங்கள். நாளைக்குக் கழற்றினால் சுவர் பழையபடி நிற்கும் என்று காட்ட முடிந்தால் பாதி வேலை முடிந்தது.

உயரக் கணக்கையும் இப்போதே போடுங்கள். தேசிய இட அளவு விதிப்படி, வீட்டின் முக்கால் பங்கு பரப்பிலாவது உயரம் 2.3 மீட்டர் இருக்க வேண்டும். இரண்டு தளம் என்றால் 4.6. இடையில் ஒலி தடுக்கும் தளத்தின் தடிமன் 0.35 முதல் 0.4 வரை போகும். ஆக, உள்ளே ஏறத்தாழ 5 மீட்டர் நேர் உயரம் இல்லாவிட்டால் இரண்டு மாடிப் பேச்சை விடுங்கள். பரப்பில், ஒருவருக்கான வீடு ஷவர் அறையோடு 37 சதுர மீட்டர், இருவருக்கான ஒரு படுக்கையறை வீடு 50, நால்வருக்கான இரண்டு படுக்கையறை வீடு ஒரே தளத்தில் 70.

இன்னும் இரண்டு. சேப்பல் கூரையில் வௌவால் இருக்க வாய்ப்பு மிக அதிகம். அது கூடு விட்டு வெளியேறுகிறதா என்று பார்க்கும் ஆய்வை மே முதல் செப்டம்பர் வரைதான் செய்ய முடியும். அனுமதி தந்துவிட்டுப் பிறகு ஆய்வு செய்யுங்கள் என்று கவுன்சில் பொதுவாகச் சொல்ல முடியாது. அக்டோபரில் நினைவு வந்தால் அடுத்த கோடை வரை காத்திருக்க வேண்டியதுதான். வளவில் புதைகுழிகள் இருக்கின்றனவா என்பதையும் வாங்குமுன் சொலிசிட்டரிடம் கேளுங்கள். இருந்தால் கார் நிறுத்த இடம் தோண்டுவதற்குத் தனிச் சட்டங்கள் குறுக்கே வரும்.

தரம் உயர்ந்தது என்பதால் மட்டும் வழி அடைபடுவதில்லை. பெரிவேலில் வெஸ்டர்ன் அவென்யூவில் நிற்கும் ஹூவர் பில்டிங் 1930-களில் கட்டிய தொழிற்சாலை, கிரேடு 2 ஸ்டார். இன்று அதில் 66 ஃபிளாட்கள். செயின்ட் பாங்க்ராஸ் ரயில் நிலையத்தின் பழைய ஹோட்டல் கிரேடு 1. அதன் மேல்தளங்களிலும் ஆட்கள் குடியிருக்கிறார்கள்.

கேள்வி: எங்கள் துணிக்கடை கன்சர்வேஷன் ஏரியாவில் (தன்மை மாறாமல் பாதுகாக்கும் பழைய பகுதியில்) இருக்கிறது. கட்டடம் லிஸ்டட் இல்லை. கடையை மூடி இரண்டு ஃபிளாட் ஆக்கப் பிளானிங் பெர்மிஷனே தேவையில்லை என்கிறார்களே?
— டூட்டிங் வாசகர்

முழு விண்ணப்பம் தேவையில்லை என்பது உண்மை. கிளாஸ் எம்.ஏ. என்ற விதி 2021 ஆகஸ்ட்டிலிருந்து நடப்பில் உள்ளது. கடை, அலுவலகம், கஃபே போன்றவற்றை அதன்படி வீடாக்கலாம். கட்டடம் குறைந்தது இரண்டு ஆண்டு அந்தப் பயன்பாட்டில் இருந்திருக்க வேண்டும். 1,500 சதுர மீட்டர் வரம்பும், மூன்று மாதம் பூட்டிக் கிடக்க வேண்டும் என்ற நிபந்தனையும் 2024 மார்ச்சில் நீங்கிவிட்டன. ஆனால் முன் ஒப்புதல் வாங்கியே ஆகவேண்டும். கவுன்சிலுக்கு 56 நாள் தவணை. போக்குவரத்து, வெள்ளம், சுற்றுப்புற இரைச்சல், பகல் வெளிச்சம் இவற்றைப் பார்ப்பார்கள். கன்சர்வேஷன் ஏரியாவில் தரைத்தளத்தை மாற்றினால் தெருவின் தன்மை கெடுமா என்பதும் சேரும். கவுன்சில் ஆர்ட்டிகிள் 4 உத்தரவு போட்டிருந்தால் இந்த வழியே உங்கள் தெருவில் கிடையாது. அவர்களின் இணையதள வரைபடத்தில் முதலில் அதைப் பாருங்கள்.

சறுக்குவது இரண்டு இடத்தில். இந்த ஒப்புதல் பயன்பாட்டை மாற்ற மட்டுமே. கடைமுகப்பை எடுத்துவிட்டு ஜன்னல் வைக்கத் தனியாகப் பிளானிங் பெர்மிஷன் வேண்டும். அடுத்தது வெளிச்சம். ஆழமான கடையின் நடுப்பகுதிக்கு ஜன்னலே இருக்காது. வசிக்கும் அறை ஒவ்வொன்றுக்கும் போதிய பகல் வெளிச்சம் வேண்டும் என்பதால், நடுவில் குளியலறையும் சாமான் அறையும்தான் வரமுடியும்.

கேள்வி: லிஸ்டட் கட்டடத்தை ஃபிளாட்டாக்குகிறோம். பழைய கதவுகளை எடுத்துவிட்டு 30 நிமிடம் தீ தாங்கும் கதவு போடச் சொல்கிறார் பில்டிங் கன்ட்ரோல் அதிகாரி. ஒரு கதவையும் அகற்றக்கூடாது என்கிறார் கன்சர்வேஷன் அதிகாரி. யார் பேச்சைக் கேட்பது?
— ஈஸ்ட் ஹாம் வாசகர்

இருவர் பேச்சையும். இரண்டும் தனித்தனிச் சட்டம். ஒன்று மற்றதை மீறாது. இருவரையும் ஒரே நாளில் அந்தக் கதவின் முன்னால் நிற்க வையுங்கள். மின்னஞ்சலில் ஆறு மாதம் இழுபடுவது அங்கே ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும்.

பழைய பலகைக் கதவில் தீ முதலில் புகுவது கதவின் மரச்சட்டத்தின் வழியே அல்ல, நடுவிலுள்ள மெல்லிய பலகையின் வழியே. மரச்சட்டம் 40 மில்லிமீட்டர் இருக்கும்; பலகையோ அதில் கால் பங்குதான். சூடு பட்டால் ஊதிப் பெருகித் தடுக்கும் பூச்சோ தாளோ பலகைகளுக்குப் போடலாம். கதவின் விளிம்பில் காடி வெட்டி அதே வகைப் பட்டையும், புகை தடுக்கும் தூரிகையும் பதிக்கலாம். சுற்றிலும் இடைவெளி 3 மில்லிமீட்டர் அளவில் நிற்க வேண்டும். பழைய கதவில் 8, 10 என்று இருப்பதால் விளிம்புக்கு மரத்துண்டு ஒட்ட வேண்டிவரும். வாங்கும் பூச்சுக்கு உங்கள் பலகையின் தடிமனிலேயே சோதித்த சான்று இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அதிகாரி ஏற்கமாட்டார். இது போதாது என்றால், நீர்த்தூவி அல்லது நீர்ப்பனி அமைப்பு போட்டு, கதவுக்குத் தளர்வு தருமாறு தீப்பாதுகாப்புப் பொறியாளர் அறிக்கையோடு கேட்கலாம்.

ஒலிக்கும் இதே சிக்கல் வரும். மாற்றியமைத்த ஃபிளாட்களுக்கு இடையே காற்றுவழிச் சத்தத்துக்குக் குறைந்தது 43 டெசிபெல் தடுப்பு வேண்டும். காலடிச் சத்தம் 64-ஐத் தாண்டக்கூடாது. கீழ்வீட்டின் பூவேலைக் கூரையைப் பிரிக்க விடமாட்டார்கள். ஆகவே மேலிருந்து தரையை 50, 75 மில்லிமீட்டர் உயர்த்துகிறார்கள். உடனே கதவுகளின் அடி இடிக்கும், படிக்கட்டின் கடைசிப் படி மற்றப் படிகளைவிட உயரம் மாறிவிடும், சுவரடிப் பலகை பாதி மறையும். இவற்றை வரைபடத்தில் காட்டாமல் கன்சென்ட் வாங்கிவிட்டு வேலையின் நடுவில் கண்டுபிடிப்பவர்கள் அநேகர். அப்போது மீண்டும் புதிய கன்சென்ட்தான். பாரம்பரியக் கட்டடத்தில் அளவை எட்டவே முடியாது என்றால், முடிந்தவரை செய்து, சோதனை முடிவைக் கட்டடத்தில் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டிவைக்க விதி இடம் தருகிறது.

கேள்வி: பழைய மருத்துவமனையை மாற்றிய லிஸ்டட் கட்டடத்தில் ஃபிளாட் வாங்கினோம். முன்னைய உரிமையாளர் மர ஜன்னல்களை எடுத்துவிட்டு பிளாஸ்டிக் ஜன்னல் போட்டிருக்கிறார். 15 ஆண்டாகிறது. இனி பயமில்லையே?
— நியூ சவுத்கேட் வாசகர்

பயம் இருக்கிறது. சாதாரணப் பிளானிங் மீறலுக்குக் காலவரம்பு உண்டு. லிஸ்டட் கட்டட மீறலுக்குக் கிடையாது. குற்றம் அவருடையது, அந்த வேலைக்காக நீங்கள் வழக்கை எதிர்கொள்ள மாட்டீர்கள். ஆனால் பழைய நிலைக்குக் கொண்டுவரச் சொல்லும் உத்தரவு இன்றைய உரிமையாளருக்கே வரும். விற்கும்போது எதிர்த்தரப்புச் சொலிசிட்டர் எப்படியும் இதைக் கேட்பார். வாங்கித் தந்த உங்கள் சொலிசிட்டரின் கோப்பில் கன்சென்ட் பற்றிய கேள்விக்கு என்ன பதில் வந்தது என்று பாருங்கள்.

பிளாஸ்டிக்கை அப்படியே வைத்திருக்கக் கன்சென்ட் கேட்கலாம், கிடைப்பது அரிது. மரச் சட்டமுள்ள சாஷ் ஜன்னலை (மேலும் கீழும் நகரும் ஜன்னல்) திரும்ப வைத்து, உட்புறம் தனியாக இரண்டாம் கண்ணாடி போடுவதே நடக்கக்கூடிய வழி. இரண்டு கண்ணாடிக்கும் இடையே 100 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தால் சாலை இரைச்சலும் நன்றாக அடங்கும். கவுன்சிலின் அனுமதியோடு, கட்டடத்தின் மூல உரிமையாளரான ஃப்ரீஹோல்டரின் எழுத்துச் சம்மதமும் வேண்டும்.

கேள்வி: அதிகாரி பரிந்துரைத்தும் கவுன்சிலர்கள் கமிட்டியில் நிராகரித்துவிட்டார்கள். இனி என்ன?
— குரோய்டன் வாசகர்

முடிவுக் கடிதத்தில் உள்ள காரணங்களை மட்டும் வரிவரியாகப் படியுங்கள். கூட்டத்தில் யார் என்ன பேசினார்கள் என்பது இனி முக்கியமில்லை. முடிவு தேதியிலிருந்து ஆறு மாதத்துக்குள் மேல்முறையீடுகளை விசாரிக்கும் அரசு அமைப்பான பிளானிங் இன்ஸ்பெக்டரேட்டுக்கு மேல்முறையீடு செய்யலாம், கட்டணம் இல்லை. பிளானிங், லிஸ்டட் கன்சென்ட் என்ற இரண்டு விண்ணப்பமும் விழுந்திருந்தால் இரண்டுக்கும் தனித்தனியே போட வேண்டும். அதிகாரியின் பரிந்துரை அறிக்கை உங்களுக்குச் சாதகமான ஆவணம். கவுன்சிலர்கள் ஆதாரமே இல்லாத காரணம் சொல்லியிருந்தால் செலவுத்தொகையும் கேட்கலாம். ஆனால் பாரம்பரியச் சேதம் என்பது காரணமாக இருந்தால் அது மதிப்பீட்டுக்குரிய விஷயம். செலவு கிடைப்பது கடினம். காரணம் ஒன்றிரண்டு ஜன்னல், ஒரு தளம் என்று சுருங்கியிருந்தால், திருத்தி மறுபடி போடுவதே விரைவு. முன்பு கட்டணமின்றி ஒருமுறை மீண்டும் போடலாம்; அந்தச் சலுகை 2023 டிசம்பரில் நின்றுவிட்டது.

கேள்வி: லிஸ்டட் கட்டட வேலைக்கு வாட் வரி இல்லை என்பது உண்மையா?
— ஸ்லவ் வாசகர்

2012 அக்டோபர் 1 வரை, அனுமதி பெற்ற மாற்றங்களுக்கு இல்லை. அன்றிலிருந்து வழக்கமான 20 சதவீதம். ஆனால் குடியிருப்பல்லாத கட்டடத்தை வீடாக்கினாலோ, வீட்டு எண்ணிக்கை மாறினாலோ, இரண்டு ஆண்டுக்கு மேல் ஆளில்லாமல் கிடந்த வீட்டைப் புதுப்பித்தாலோ 5 சதவீதம்தான். வேலையும் பொருளும் சேர்த்து பில்டர் போடும் பில்லுக்கு மட்டுமே அது. கூரை ஓடுகளையும் மரத்தையும் நீங்களே கடையில் வாங்கினால் 20. பில்டர் தவறாக 20 போட்டுவிட்டால் அவரிடமே திருத்தச் சொல்ல வேண்டும். வரித்துறை உங்களுக்கு நேராக அந்த வித்தியாசத்தைத் தராது. குடியிருப்பல்லாத கட்டடத்தை உங்கள் சொந்தக் குடியிருப்புக்காக மாற்றுகிறீர்கள் என்றால், செலுத்திய வாட்டைத் திரும்பக் கேட்கும் திட்டம் தனியே உண்டு. வேலை முடிந்து ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும், பில்களின் பிரதிகளைப் பத்திரமாக வையுங்கள்.