நம் ஊர்ப் பள்ளிக்கு யார் பதில் சொல்வது? - வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் மகள் அமெரிக்காவில் ஒரு சிறு நகரத்தில் குடும்பத்தோடு இருக்கிறாள். அந்த ஊரின் அரசுப் பள்ளிகள் அனைத்தையும் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த ஒரு கல்வி வாரியம் நடத்துகிறது என்றும், வரவு செலவையும் தேர்ச்சி விவரத்தையும் ஆண்டுதோறும் ஊர் முன்னால் வைக்கிறார்கள் என்றும் சொல்கிறாள். எங்கள் கும்பகோணம் மாநகராட்சியாகிவிட்ட பிறகும் இங்குள்ள பள்ளிகளுக்கு யார் பொறுப்பு என்பதற்குத் தெளிவான விடை கிடைப்பதில்லை. மாநகராட்சியிடமே ஒப்படைத்துவிட்டால் என்ன?
- ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், கும்பகோணம்

பதில்: தெளிவான விடை கிடைக்காததற்குக் காரணம், பொறுப்பு ஒருவரிடம் இல்லாததுதான். உங்கள் ஊரில் அரசுப் பள்ளி, மாநகராட்சிப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளி, தனியார் பள்ளி என நால்வகையும் இருக்கின்றன. கணித மேதை ராமானுஜன் படித்த நகர மேல்நிலைப் பள்ளி உதவிபெறும் பள்ளி; அத்தகைய பள்ளிகளில் ஆசிரியரை நியமிப்பது பள்ளி நிர்வாகம், ஊதியம் தருவது அரசு. தொடக்க, நடுநிலைப் பள்ளிகளை வட்டாரக் கல்வி அலுவலரும் அவருக்கு மேலே தொடக்கக் கல்விக்கான மாவட்டக் கல்வி அலுவலரும் பார்க்கிறார்கள். உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு வேறொரு மாவட்டக் கல்வி அலுவலர், தனியார் பள்ளிகளுக்கு இன்னொருவர். 2018இல் இந்தப் பொறுப்புகளை ஒன்றாக்கினார்கள். 2022இல் மறுபடியும் பிரித்தார்கள். எல்லோருக்கும் மேலே முதன்மைக் கல்வி அலுவலர் தஞ்சாவூரில் இருக்கிறார். ஆசிரியரைத் தேர்வு செய்வது சென்னையிலுள்ள ஆசிரியர் தேர்வு வாரியம், இடமாறுதல் கலந்தாய்வின் வழியே, மதிய உணவு சமூக நலத்துறையின் கையில். ஐப்பசி மழையில் வகுப்பறை ஒழுகினால், கட்டடம் யாருடையது என்பதைப் பார்த்துத் தலைமையாசிரியர் அந்த அலுவலகத்துக்குக் கடிதம் எழுத வேண்டும். பதில் வரும்வரை நான்காம் வகுப்பையும் ஐந்தாம் வகுப்பையும் ஒழுகாத அறையில் ஒன்றாக உட்கார வைத்துப் பாடம் நடத்த வேண்டும்.

உங்கள் மகள் சொன்னது சரியே. அமெரிக்காவில் இத்தகைய பள்ளி நிர்வாகங்கள் ஏறத்தாழ 13,000 உள்ளன. வாரியம் ஒரு கல்விக் கண்காணிப்பாளரை வேலைக்கு அமர்த்துகிறது. அவர் செயல் சரியில்லையென்றால் வாரியம் அவரை மாற்றலாம், வாரியமே சரியில்லையென்றால் மக்கள் அடுத்த தேர்தலில் அதை மாற்றலாம். 2015இல் வந்த மத்தியச் சட்டம் ஒவ்வொரு பள்ளியின் தேர்வு அடைவையும், மாணவர் ஒருவருக்கு ஆகும் செலவையும் வெளியிடச் சொல்கிறது. இவையெல்லாம் நாம் ஆசைப்பட வேண்டியவையே.

ஆனால் அங்கே பள்ளிச் செலவில் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கு உள்ளூர்ப் பணம். அதில் பெரும்பகுதி சொத்து வரி. வீட்டு மதிப்பு உயர்ந்த ஊரில் பள்ளிக்கு வளம் இருக்கிறது, ஏழைகள் வாழும் ஊரில் கூடுதல் விகிதத்தில் வரி கட்டினாலும் பள்ளிக்குப் போதிய பணம் சேர்வதில்லை. டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ நகரப் பெற்றோர் இதை எதிர்த்து வழக்குத் தொடுத்தபோது, இந்த ஏற்றத்தாழ்வு அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று 1973இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. பிறகு மாநில அரசுகள் பலவும் இந்த இடைவெளியை ஓரளவு நிரப்பியிருக்கின்றன என்றாலும் அடிப்படை அப்படியேதான் இருக்கிறது. நம்மிடமோ கோயம்புத்தூரின் வரி வருவாய் வேறு, வேதாரண்யத்தின் வரி வருவாய் வேறு. இரண்டு ஊரிலும் அரசுப் பள்ளி ஆசிரியரின் ஊதிய விகிதம் ஒன்றே. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யத்தைப் புரட்டிப்போட்டபோது அங்குள்ள பள்ளிகள் அவ்வூர் வரியை மட்டும் நம்பியிருந்தால், தென்னை இழந்த குடும்பத்துப் பிள்ளை பள்ளியையும் இழந்திருக்கும். அதனால் பணத்தையும் நியமனத்தையும் நகரத்தின் தலையில் சுமத்துவதை நான் ஏற்கவில்லை.

அரசியலமைப்பும் இதில் நகரங்களுக்குத் தாராளமாக இடம் தரவில்லை. ஊராட்சிகளுக்கு உரிய 11ஆம் அட்டவணை தொடக்க, இடைநிலைப் பள்ளிகளை வெளிப்படையாகக் குறிப்பிடுகிறது. நகராட்சிகளுக்கு உரிய 12ஆம் அட்டவணை கல்வி, பண்பாடு, அழகியல் ஆகியவற்றை வளர்ப்பது என்று பொதுவாகச் சொல்லி நிறுத்திக்கொள்கிறது. இருந்தாலும் நம் வட்டாரத்துக்கு உள்ளூர்ப் பொறுப்பு புதிதல்ல. அன்றைய மாவட்ட உள்ளாட்சி அமைப்பான ஜில்லா போர்டின் பள்ளியில் படித்ததாகச் சொல்லும் பெரியவர்களை நீங்களே கேட்டிருப்பீர்கள். தஞ்சை ஜில்லா போர்டு வரி விதித்து, மாயவரத்திலிருந்து தெற்கே இரயில் பாதையே போட்ட அமைப்பு. அதன் தலைவராக இருந்த ஏ.டி.பன்னீர்செல்வத்தின் பெயர், திருவையாறு வடமொழிக் கல்லூரியில் தமிழுக்கு இடம் கிடைத்த வரலாற்றோடு சேர்ந்தே பேசப்படுகிறது. குறை சொல்ல வேண்டியவர் எங்கே இருக்கிறார் என்று அன்று ஊருக்குத் தெரிந்திருந்தது.

இன்று நமக்குக் குறைவது அதுதான். ஆண்டுக்கு ஒருமுறை கல்வி அலுவலர்கள் மாநகராட்சி மன்றத்துக்கு வந்து, இந்நகரப் பள்ளிகளில் எத்தனை பிள்ளைகள் படிக்கிறார்கள், எத்தனை ஆசிரியர் பணியிடங்கள் காலி, எந்தக் கட்டடம் பழுது, இடைநின்றவர்கள் எத்தனை பேர் என்பதை மக்கள் கேட்கும்படி சொல்வதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. சொத்து வரியோடு கல்வி வரியும் செலுத்தும் மக்களுக்கு அதைக் கேட்கும் உரிமை நிச்சயமாக உண்டு. உங்கள் வார்டு உறுப்பினரிடம் இந்தக் கோரிக்கையை எழுத்தில் கொடுங்கள்.

கேள்வி: எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியில் ஐந்து வகுப்புக்கும் சேர்த்து 38 பிள்ளைகள், இரண்டே ஆசிரியர்கள். என் மகள் மூன்றாம் வகுப்பு. அவளை வேன் வைத்து வெளியூர்த் தனியார் பள்ளிக்கு அனுப்பச் சொல்லி உறவினர்கள் வற்புறுத்துகிறார்கள். என்ன செய்யட்டும்?
- ஒரு தாய், வலங்கைமான் அருகில்

பதில்: கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள்வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள்தான், ஆகவே உங்கள் பள்ளியில் விதிமீறல் இல்லை. இந்த விதியே போதாது என்பது என் எண்ணம், ஏனென்றால் ஒருவர் அலுவலகப் பணியாகவோ பயிற்சிக்காகவோ வெளியே போகும் நாளில் ஐந்து வகுப்பும் ஒருவர் கையில்தான். அம்மா, ஆசிரியர் எண்ணிக்கையைப் பார்த்து மட்டும் முடிவெடுக்காதீர்கள். 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைப்படி பிரித்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். உங்கள் மகள் எந்த நிலையில் இருக்கிறாள் என்று ஆசிரியரிடம் கேளுங்கள். இன்று மாலை அவளுடைய இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் அவள் படித்திராத ஒரு பத்தியைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். எழுத்துக் கூட்டாமல் வாசித்து, என்ன சொல்லியிருக்கிறது என்று தன் வார்த்தையில் சொன்னால் அந்தப் பள்ளி தன் வேலையைச் செய்கிறது. வாசிக்கவில்லையென்றால் அதை வைத்துக்கொண்டு ஆசிரியரிடம் பேசுங்கள். வேனில் போகும் பள்ளியிலும் இதே சோதனையைச் செய்து பார்க்காமல் பணம் கட்ட வேண்டாம்.

கேள்வி: தேர்வு முடிவு வந்ததும் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி விழுக்காட்டை வைத்துப் பள்ளிகளைத் தரம் பிரிக்கிறார்களே, அது சரியான அளவுகோல்தானா?
- கல்லூரி மாணவர், மயிலாடுதுறை

பதில்: தேர்ச்சி விழுக்காடு என்பது தேர்வு எழுதியவர்களை மட்டும் கணக்கில் எடுப்பது. ஒன்பதாம் வகுப்போடு நின்று திருப்பூருக்கு வேலைக்குப் போன பையனும், பத்தாம் வகுப்புக்குப் பின் திருமணம் செய்து வைக்கப்பட்ட பெண்ணும் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். தேற மாட்டார் என்று கருதப்படும் பிள்ளையைத் தனித்தேர்வராக எழுதச் சொல்லி அனுப்பிவிடும் பள்ளிக்கு விழுக்காடு கூடும். அந்தப் பிள்ளையைக் கடைசிவரை வைத்திருந்து பாடுபட்ட பள்ளிக்குக் குறையும். ஆறாம் வகுப்பில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் அதே பள்ளியிலோ வேறு பள்ளியிலோ பன்னிரண்டாம் வகுப்பை முடித்தார்கள், அவர்களில் எத்தனை பேர் கல்லூரியிலோ ஐ.டி.ஐ.யிலோ சேர்ந்தார்கள் என்ற கணக்குதான் எனக்கு முக்கியம். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்கு மருத்துவச் சேர்க்கையில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2020 முதல் இருக்கிறது. ஆனால் மேல்நிலைப் பிரிவில் உயிரியலுக்கோ இயற்பியலுக்கோ ஆசிரியரே இல்லாத பள்ளியின் மாணவிக்கு அந்த ஒதுக்கீடு எட்டாது. எனவே பாடவாரியாகக் காலிப் பணியிடம் எத்தனை என்பதும் தரத்தின் பகுதியே.

இன்னொன்றையும் காவிரிக் கரையில் வாழும் நாம் மறக்கக் கூடாது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு தனியார் பள்ளிக் கட்டடத்தில் சமையற்கூடத்தில் பிடித்த தீ, மேல்மாடிக் கூரை வகுப்பறைகளுக்குப் பரவி 94 குழந்தைகளின் உயிரைக் கொண்டுபோயிற்று. பெற்றோர் படிப்பைப் பார்த்தார்கள், கீற்றுக் கூரையையும் குறுகிய படிக்கட்டையும் பார்த்திருக்க வேண்டியது அரசு அலுவலர்கள், அவர்கள் பார்க்கவில்லை. கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று ஆகியவற்றை இன்று தனியார் பள்ளி வைத்திருந்தாக வேண்டும். சேர்க்கைக்குப் போகும் பெற்றோர் அவற்றைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. மத்தியக் கல்வி அமைச்சகத்தின் யூடைஸ் பிளஸ் இணையதளத்தில் ஒவ்வொரு பள்ளியின் மாணவர், ஆசிரியர் எண்ணிக்கை, கழிப்பறை, குடிநீர் விவரங்களும் கிடைக்கின்றன. அங்கே எழுதியிருப்பது நேரில் இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேள்வி: என்னைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் உறுப்பினராகப் போட்டார்கள். கூட்டம் என்று கூப்பிட்டால் பதிவேட்டில் கையெழுத்து வாங்கி டீ கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். பாதி மாதம் நடவு வேலை இருப்பதால் போகவும் முடிவதில்லை. என்னால் என்ன ஆகப்போகிறது?
- ஒரு தாய், பாபநாசம் வட்டம்

பதில்: இந்தக் குழு 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் தந்தது. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்று அந்தச் சட்டமே சொல்கிறது. பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயாரிப்பதும், பள்ளிக்கு வரும் மானியம் எப்படிச் செலவாகிறது என்று கண்காணிப்பதும் குழுவின் வேலை. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் 31 முதல் 100 பிள்ளைகள்வரை உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 25,000 ரூபாயும், 101 முதல் 250 வரை இருந்தால் 50,000 ரூபாயும் பள்ளி மானியமாக விதிக்கப்பட்டிருக்கிறது. அதில் குறைந்தது பத்தில் ஒரு பங்கு தூய்மைப் பணிக்கு. எவ்வளவு வந்தது, எதற்குப் போனது என்று கேட்கும் உரிமை, எழுதப் படிக்கத் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், உங்களுக்கு இருக்கிறது.

கூட்டம் வெள்ளிக்கிழமை பிற்பகலில் நடக்கிறது. குறுவை நடவிலும் சம்பா நடவிலும் அந்த நேரத்துக்கு வந்தால் அரைநாள் கூலி போகும் என்பது அலுவலகத்தில் உட்கார்ந்து தேதி குறித்தவர்களுக்குத் தோன்றவில்லை. அந்த மாதங்களில் மாலை ஐந்து மணிக்கு மேல் கூட்டம் வைக்கும்படி நீங்களும் மற்றத் தாய்மார்களும் சேர்ந்து தலைமையாசிரியரிடம் மனு கொடுங்கள். ஒப்புக்கொள்ளாவிட்டால் வட்டாரக் கல்வி அலுவலருக்கு எழுதுங்கள்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் தீர்மானத்தை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னது அதில் இல்லையென்றால் எழுதிய பிறகே கையெழுத்து என்று சொல்லுங்கள். தீர்மானம் ஆறு மாதமாகியும் நடக்கவில்லையென்றால் கிராம சபையில் எழுப்பலாம். தகவல் உரிமைச் சட்டப்படி மனுப் போட்டால் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். அடுத்த கூட்டத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்க இடம் கிடைத்தாலும், பெண் பிள்ளைகளின் கழிப்பறைக்குத் தண்ணீர் வருகிறதா, நாப்கின் போடத் தொட்டி இருக்கிறதா என்று கேட்டு, உடனே எழுந்து போய்க் குழாயைத் திறந்து பாருங்கள்.