ஊர்க் குழாய்த் தண்ணீர் ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது?

தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் பல வருடம் வேலை பார்த்தவன் நான். ராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் தண்ணீர் வேலை பார்ப்பவர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில்.

சாயல்குடி பக்கம், தண்ணீர்க் குழு உறுப்பினர்: ஐயா, எங்கள் போர் தண்ணீருக்கு டிடிஎஸ் 1,640, 'எல்லைக்குள்' என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. வாயில் வைத்தால் கரிக்கிறதே?

இரண்டும் சரிதான். டிடிஎஸ் என்றால் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு. குடிநீருக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 10500. அதில் இரண்டு கட்டம் உண்டு. ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 2,000 வரை விடுவார்கள். உங்கள் ரிப்போர்ட்டை இரண்டாவது கட்டத்தைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். குளோரைடு வரியையும் பாருங்கள், அதற்கு ஏற்கத்தக்க அளவு 250, வேறு வழியில்லாத இடத்தில் 1,000. நாக்கில் கரிப்பது பெரும்பாலும் அதுதான். ஊரில் வாசிக்கும்போது "500க்குள் இருக்க வேண்டியது 1,640 இருக்கிறது" என்றே சொல்லுங்கள். காவிரிக் கூட்டுக் குடிநீர் வந்து சேரும் ஊரில் 'வேறு வழியில்லை' என்ற சலுகை எப்படிப் பொருந்தும் என்றும் ஒருவர் எழுந்து கேட்கட்டும்.

தொண்டி பக்கம், டேங்க் ஆபரேட்டர்: அண்ணே, மார்கழியில் நல்லா இருந்த போர் சித்திரையில் உப்பாகிவிடுகிறது. இன்னும் ஆழம் போடலாமா?

வேண்டாம். கடலோரத்தில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே 1 அடி நல்ல தண்ணீர் நின்றால் கீழே சுமார் 40 அடி வரை இருக்கும் என்பது கணக்கு. மோட்டார் ஓட்டி அந்த ஒரு அடியைக் குறைத்தால் கீழே உப்பு மேலேறிவிடும். மணலில் ஊற்றுத் தோண்டி சிரட்டையால் அள்ளியவர்களுக்கு இது தெரியும், மேலாகத்தான் எடுத்தார்கள். மோட்டாரைக் கொஞ்ச நேரமாகப் பிரித்து ஓட்டுங்கள். ரிப்போர்ட்டில் மாதத்தையும் எழுதுங்கள்.

தேவிபட்டினம் பக்கம், கிட் வைத்துச் சோதிக்கும் ஒரு அக்கா: கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் எச்2எஸ் பாட்டில் கருத்துவிட்டது. அடுத்த கூட்டத்தில் சொன்னால் போதுமா?

போதாது, அன்றைக்கே சொல்ல வேண்டும். தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கச் சொல்லுங்கள். ஊற்றிய உடனே கருத்தால் தண்ணீரில் இருக்கும் சல்பைடாகவும் இருக்கலாம். ஒரு நாள் கழித்துக் கருத்தால் கிருமியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். எப்படியானாலும் கூடத்துக்கு சாம்பிள் அனுப்புங்கள். 100 மில்லியில் ஈ.கோலை ஒன்றுகூட இருக்கக் கூடாது.

அப்புறம் குளோரின். 1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர், 30,000 லிட்டர் தொட்டி என்றால் 120 கிராம். வாளியில் கரைத்து, தெளிந்த தண்ணீரை மட்டும் தொட்டியில் ஊற்றுங்கள். வாய் திறந்து கிடந்த மூட்டையை நம்பாதீர்கள், கடற்காற்றில் வீரியம் போய்விடும். அரை மணி கழித்து, தெருக்கோடிக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். டேங்க் அடியில் பார்த்து 'இருக்கிறது' என்று எழுதினால் அது டேங்குக்குத்தான் நல்ல செய்தி.

கீழக்கரை: கேன் தண்ணீரில் டிடிஎஸ் மீட்டர் 50 காட்டுகிறது. சுத்தம்தானே?

அந்த மீட்டருக்கு உப்பு மட்டும்தான் தெரியும், கிருமி தெரியாது.

மண்டபம்: கொதிக்கவைத்தால் உப்பு போகுமா?

போகாது, தண்ணீர் வற்ற வற்ற கூடும். நைட்ரேட்டும் அப்படித்தான். அதற்கு 45 என்ற ஒரே கட்டம், சலுகை கிடையாது. கைக்குழந்தை உள்ள வீட்டில் முதலில் அந்த வரியைப் பாருங்கள்.

வாலிநோக்கம்: சாம்பிளை எதில் பிடிப்பது?

ஒருமுறை குளிர்பான பாட்டிலில் சாம்பிள் வந்தது. மூடியைத் திறந்ததும் எலுமிச்சை வாசம். ஒட்டியிருந்த சீட்டில் 'டேங்க்' என்ற ஒரே சொல். எந்த டேங்க், என்றைக்குப் பிடித்தது? திருப்பி அனுப்பிவிட்டேன்.

ரசாயனச் சோதனைக்கு சுத்தமான கேனை அதே தண்ணீரில் மூன்று முறை அலசிப் பிடியுங்கள். கிருமிச் சோதனைக்கு நாங்கள் தரும் பாட்டிலை மட்டும் அலசக் கூடாது. உள்ளே இருக்கும் வெள்ளைப் பொடி குளோரினை முறிப்பதற்கு. அழுக்கு என்று நினைத்துக் கழுவிக் கொண்டுவருபவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். பனிக்கட்டியில் வைத்து அன்றைக்கே கொண்டுவாருங்கள். சீட்டில் எந்தத் தெரு, எந்தக் குழாய், தேதி, மணி நான்கும் வேண்டும்.