ரெண்டு மோதிரம், ஒரே விரல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: வணக்கம் அக்கா. நிச்சயத்துக்கு எனக்குப் போட்டது 18 காரட் வெள்ளைத் தங்கத்துல ஒத்தைக்கல் வைர மோதிரம். கல்லு உசரமா நிக்காது, விரலோட ஒட்டி உக்காந்திருக்கும். இப்போ கல்யாண மோதிரம் எடுக்கணும், ரெண்டையும் ஒரே விரல்ல போடணும்னு ஆசை. வீட்டுல ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க, செட்டா எடுங்கிறாங்க ஒருத்தர், பிளாட்டினம்னா தேயவே தேயாதுங்கிறாங்க இன்னொருத்தர். எதை வெச்சு முடிவு பண்றது?

பதில்: முதல்ல ஒண்ணு சொல்லிடறேன்மா, நிச்சய மோதிரத்தைக் கையில போட்டுக்காம கல்யாண மோதிரம் பார்க்கப் போகாதீங்க. போட்டோ பார்த்து, டிசைன் நம்பர் பார்த்து எல்லாம் எடுக்கற விஷயம் இல்ல இது. இந்த ரெண்டும் வருஷக்கணக்கா ஒண்ணை ஒண்ணு உரசிக்கிட்டே இருக்கப் போகுது, அதனால அழகா இருக்கான்னு பார்க்கிறதுக்கு முன்னாடி எந்த இடத்துல உரசும்னு பாருங்க.

நான் இதைப் பட்டுத்தான் கத்துக்கிட்டேன். என் கல்யாண மோதிரம் வரிசையா பொடி வைரம் வெச்சது, பார்க்க அவ்வளவு ஆசையா இருந்துச்சு, அதை மட்டும் தனியா போட்டுப் பார்த்துட்டு எடுத்துட்டு வந்துட்டோம், சேர்த்துப் போட்டுப் பாருங்கன்னு கடையிலயும் யாரும் சொல்லல. சில வருஷம் கழிச்சு என் நிச்சய மோதிரம் துணி மடிக்கும்போதெல்லாம் நூல்ல மாட்ட ஆரம்பிச்சுது. எனக்குத் தெரிஞ்ச ஆசாரிகிட்ட கொண்டு போனேன், அவர் பத்து மடங்கு பெரிசா காட்டுற லூப்பைக் கண்ணுல வெச்சுப் பார்த்துட்டு எங்கிட்டயும் கொடுத்தாரு. கல்லைப் பிடிச்சிருக்கிற நாலு கொக்கியில மூணு உருண்டையா கெட்டியா இருந்துச்சு, கல்யாண மோதிரத்துப் பக்கம் இருந்தது மட்டும் பென்சில் முனை மாதிரி சீவி மெலிஞ்சு போயிருந்துச்சு. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா கல்லு எங்கயோ விழுந்திருக்கும். வைரத்துக்குப் பக்கத்துல தங்கம் எம்மாத்திரம், தேயத்தானே செய்யும்.

அதனால ரெண்டையும் மாட்டிக்கிட்டு விரலைக் கண்ணுக்கு நேரா வெச்சு வெளிச்சத்துக்கு எதிரா பக்கவாட்டுல பாருங்க. உங்களுது தாழ்வா உக்கார்ற கல்லுங்கிறதால நேரான வளையம் போட்டா கல்லு கூட்டுல போய் முட்டும், கீழே ரெண்டுக்கும் நடுவுல சந்து விழும். சந்து இருக்கிறது தப்பே இல்ல, சிலருக்கு அதுதான் பிடிக்கும், எனக்கும் கூட இப்போ அது அழகாத்தான் தெரியுது. முட்டுற இடத்துல கொக்கி இருக்கான்னு மட்டும் பார்த்துக்கோங்க. சந்தே வேண்டாம்னா கல்லு வர்ற இடத்துல வளைஞ்சு ஒதுங்கிப் போற வளையம் கிடைக்குது, உங்க மோதிரத்தைக் கொடுத்தா அதுக்கு அச்சு எடுத்தே செஞ்சு தருவாங்க, ஆனா அப்படிச் செஞ்சதைத் தனியா போட்டா பாதி மோதிரம் மாதிரி இருக்கும், அதையும் யோசிச்சுக்கோங்க. ஆசாரிகிட்ட சொல்லி ரெண்டையும் சேர்த்துப் பத்தவெச்சுடற வழியும் இருக்கு, அப்புறம் சுத்தாது, உரசாது, ஒண்ணை மட்டும் கழட்டவும் முடியாது.

பிளாட்டினம் தேயாதுன்னு சொல்றது பாதிதான் சரி. அதுலயும் கீறல் விழும், என்ன, தங்கத்துல கீறல் விழுந்தா கொஞ்சம் உலோகமே போயிடும், பிளாட்டினத்துல பெரும்பாலும் அது ஒதுங்கி அங்கேயே நிக்கும். ஆனா உங்களுக்கு நான் 18 காரட் வெள்ளைத் தங்கம்தான் சொல்வேன், காரணம் நிறம். கடையில பார்க்கும்போது ரெண்டும் ஒரே வெள்ளையாத்தான் தெரியும், ஏன்னா வெள்ளைத் தங்கத்துக்கு மேல ரோடியம்னு ஒரு பளிச்சுன்னு வெள்ளையா இருக்கிற உலோகத்தைப் பூசியிருப்பாங்க. போடப் போட அது தேயும், அடியில இருக்கிற லேசான மஞ்சள் எட்டிப் பார்க்கும், பிளாட்டினம் அப்போ பக்கத்துல சாம்பல் வெள்ளையா நிக்கும், அப்போதான் ரெண்டும் வேற வேறன்னு கண்ணுல உறுத்தும். ஒரே உலோகமா இருந்தா ஒண்ணா மங்கும், ஒண்ணா கொடுத்து ரோடியம் போட்டுக்கலாம். உள்பக்கம் முத்திரை பாருங்க, 18 காரட்னா 750, பிளாட்டினம்னா பெரும்பாலும் 950ன்னு இருக்கும்.

ரெண்டும் ஒரே செட்டா இருந்தே ஆகணும்னு எந்தக் கட்டாயமும் இல்ல. மஞ்சள் தங்கத்துல மெல்லிசா ஒரு வளையம் வெள்ளை மோதிரத்துக்குப் பக்கத்துல ரொம்ப நல்லா இருக்கும், மாத்திப் போடணும்னு நினைச்சுப் போட்டதுன்னு பார்த்தாலே தெரியும். கிட்டத்தட்ட அதே வெள்ளை, ஆனா அதே இல்லைங்கிறதுதான் கண்ணுக்கு உறுத்துறது. காரட் மட்டும் ஒண்ணா இருக்கட்டும், 18க்குப் பக்கத்துல 22 போட்டா பொதுவா 22 மெத்துன்னு இருக்கிறதால அதுதான் சீக்கிரம் அடிவாங்கும்.

கேள்வி: அக்கா, கட்டிக்கப் போற பொண்ணுக்குச் சொல்லாம சுத்திலும் வைரம் வெச்ச வளையம் எடுக்கலாம்னு இருக்கேன், அளவு அவங்க நிச்சய மோதிரத்துல இருந்தே எடுத்துக்கலாம்ல?

பதில்: ஆசை நல்ல ஆசைதான் தம்பி, ஆனா சுத்திலும் கல்லு இருந்தா பின்னாடி அளவு மாத்தறது கிட்டத்தட்ட முடியாத காரியம், வெட்டி ஒட்ட வெறும் உலோகம்னு ஒரு இடமே இருக்காதே. பாதி சுத்துக்கு மட்டும் கல்லு வெச்சது எடுங்க, மேல இருந்து பார்த்தா வித்தியாசமே தெரியாது, உள்ளங்கைப் பக்கம் கல்லு இல்லாததால பக்கத்து விரலையும் அறுக்காது. அளவும் அப்படியே எடுக்காதீங்க, ரெண்டு மோதிரம் சேர்ந்தா விரல்ல அகலம் கூடும், ஒண்ணா இருக்கும்போது சரியா இருந்த அதே அளவு இப்போ இறுக்கும். விரலும் ஒரே மாதிரி இருக்காது, வெயில்லயும் சாயங்காலத்துலயும் உப்பும், குளிர்ல சுருங்கும். உண்மையைச் சொன்னா, அவங்களையே கூட்டிட்டுப் போயிடுங்க, வாழ்நாள் பூரா போடப் போறவங்க அவங்கதானே.

கேள்வி: என் நிச்சய மோதிரத்துல மரகதம். பக்கத்துல வைர வளையம் போடலாமா மேடம்?

பதில்: வேண்டாம்மா. கெட்டித்தன்மைக்கு மோஸ்னு ஒரு அளவுகோல் இருக்கு, அதுல வைரம் 10, மரகதம் ஏழரையில இருந்து 8 வரைக்கும்தான், வைரம் பட்டா மரகதத்துல கீறல் விழும். மரகதத்துக்கு உள்ளேயே பெரும்பாலும் மெல்லிய விரிசல் இருக்கும், அதை மறைக்க எண்ணெய் ஏத்தியிருப்பாங்க. கல்லே இல்லாத வழவழப்பான வளையம் போடுங்க, பச்சை தனியா எடுத்துக் காட்டும். கழுவறதுக்கு வெதுவெதுப்பான தண்ணி, லேசான சோப்பு, மெத்துன்னு ஒரு பிரஷ் போதும், கடையில அல்ட்ராசோனிக் மெஷின்ல, அதாவது தண்ணியை அதிர வெச்சுக் கழுவற மெஷின்ல போட்டுத் தரேன்னு சொன்னா மரகத மோதிரத்தை மட்டும் கொடுத்துடாதீங்க.