குடிபுகுந்த வீடும் சொந்தக் கைவேலையும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இம்முறை வந்த கடிதங்களுள் பெரும்பாலானவை, அண்மையில் வேறு வீட்டுக்குக் குடிபுகுந்து, ஆள் வைக்காமல் தாமே வேலைகளைச் செய்ய முனைந்திருப்பவர்கள் எழுதியவை. ஒரே பொருளைப் பற்றிய கடிதங்களை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: நாங்கள் வாங்கிய வீட்டுக்குச் சென்ற மாதம்தான் குடிவந்தோம். வண்ணம் பூசுவது, அலமாரி பொருத்துவது, குளியலறையைச் சீர்செய்வது என்று பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. இயன்றவரை நாங்களே செய்வதென்று கணவரும் நானும் முடிவெடுத்திருக்கிறோம். எதிலிருந்து தொடங்கலாம்?

பதில்: வண்ணத்திலிருந்து தொடங்க வேண்டாம். அது உடனே கண்ணுக்குப் பலன் காட்டுவதால் எல்லோரும் முதலில் அதற்குத்தான் கைநீட்டுகிறார்கள். பிறகு சுவருக்குள் ஓடும் குழாயை மாற்றவோ கூடுதலாக ஒரு சுவிட்சுப் பெட்டியைப் பதிக்கவோ நேரும்போது, ஆசையாகப் பூசிய சுவரையே வெட்ட வேண்டிவருகிறது.

முதல் வேலை, தண்ணீரையும் மின்சாரத்தையும் எங்கே நிறுத்துவது என்று தெரிந்துகொள்வது. பிரதான வால்வைக் கண்டுபிடித்து, முழுவதும் மூடி, குழாய்களில் நீர் வருவது நிற்கிறதா என்று பாருங்கள். பல ஆண்டுகளாக யாரும் தொடாத கேட் வால்வு இறுகிப்போயிருக்கலாம், அல்லது சுற்றும்போது மூடியதுபோல் தோன்றினாலும் நீரை விட்டுக்கொண்டே இருக்கலாம். குழாய் உடைந்து கூடம் நனையும் இரவில் இதைத் தெரிந்துகொள்வதைவிட இப்போதே தெரிந்துகொண்டு, பழுதாக இருந்தால் மாற்றிவிடுவது மேல். வீட்டுக்கு நீர் மீட்டர் இருக்குமானால், எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு, அது காட்டும் அளவைக் குறித்துக்கொண்டு, ஓரிரு மணி நேரம் கழித்து மீண்டும் பாருங்கள். யாரும் நீரைப் பயன்படுத்தாதபோது அளவு ஏறியிருந்தால், கண்ணுக்குத் தெரியாத கசிவு எங்கோ இருக்கிறது.

மின்பெட்டியில் உள்ள எம்.சி.பி. (மின்னோட்டம் மிகுந்தால் தானே இறங்கும் சுவிட்சு) ஒவ்வொன்றையும் தனித்தனியாக இறக்கி, எந்த அறையில் எது அணைகிறது என்று பார்த்துப் பெட்டியின் உட்புறம் எழுதி ஒட்டுங்கள். மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆள் பாதுகாப்புக்காக வீடுகளில் பொருத்தப்படுவது பெரும்பாலும் 30 மில்லி ஆம்பியர் வகை. அதில் உள்ள சோதனைப் பொத்தானை அழுத்தியதும் உடனே இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றாலோ, அப்படி ஒரு கருவியே இல்லை என்றாலோ, உங்கள் பட்டியலின் முதல் வரி அதுவாக இருக்கட்டும். அதை மட்டும் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள். மின்பெட்டிக்குள் கைவைப்பது, சுவருக்குள் கம்பி இழுப்பது, எரிவாயுக் குழாயை மாற்றுவது ஆகிய மூன்றையும் சொந்தக் கைவேலையின் எல்லைக்கு வெளியே வைப்பதே முறை.

அதற்குப் பிறகு சில வாரங்கள் அந்த வீட்டில் வெறுமனே வாழ்ந்து பாருங்கள் என்று சொன்னால் உங்களுக்குச் சலிப்பாக இருக்கலாம். ஆயினும் எந்தச் சுவரில் மாலை வெயில் இறங்குகிறது, எந்த மூலையில் விளக்கு போதவில்லை, எந்த இடத்தில் கைபேசிக்கு மின்னேற்ற வசதி இல்லாமல் தவிக்கிறீர்கள் என்பனவெல்லாம் குடியிருந்தால்தான் தெரியும். பின்னர் நீர், ஓதம் (சுவரில் ஊறும் ஈரம்) ஆகியவை சார்ந்த வேலைகள், சுவருக்குள் மறையும் வேலைகள், காரைப்பூச்சு, மேற்கூரை, சுவர், கதவு என்ற வரிசையில் சென்று, தரையைக் கடைசியில் தொடுங்கள். மேலே நடக்கும் வேலையின் தூசியும் துளிகளும் கீழேதான் விழும்.

கேள்வி: படுக்கையறைச் சுவரின் அடிப்பகுதியில் வண்ணம் கொப்பளித்து உரிகிறது, வெள்ளையாக உப்பும் பூத்திருக்கிறது. சுரண்டிவிட்டு, பட்டி பார்த்து, நானே இரண்டு முறை பூசிவிட்டேன். சில மாதங்களில் மறுபடியும் அதே கதை. வெளியில் நல்ல விலையுள்ள நீர்த்தடுப்புப் பூச்சு கிடைக்கிறதே, அதை உட்புறம் அடித்துவிடலாமா?

பதில்: அடிக்க வேண்டாம். நீங்கள் இருமுறை செய்ததும் இப்போது செய்ய நினைப்பதும் நீரின் பாதையை மூடுவதுதான். நீர் வரும் இடத்தை இன்னும் தேடவில்லை. செங்கல்லிலும் காரையிலும் உள்ள உப்புகளை நீர் கரைத்துக்கொண்டு மேற்பரப்புக்கு வருகிறது. அங்கே நீர் ஆவியாகிவிட, உப்பு மட்டும் படிகமாகத் தங்குகிறது. அந்தப் படிகம் வளரும்போது உண்டாகும் அழுத்தம்தான் வண்ணத்தையும் பட்டியையும் ஏன், காரையையுமே பெயர்த்துத் தள்ளுகிறது. உட்புறத்தை நீர்புகாத பூச்சால் அடைத்தால் நீர் நின்றுவிடுவதில்லை. பூச்சின் பின்னால் தேங்கி, அது முடியும் இடத்துக்கு மேலே ஏறி, இதுவரை நன்றாக இருந்த பகுதியில் தலைகாட்டும்.

ஆகவே மூலத்தைத் தேடுங்கள். எளிய சோதனை ஒன்று உண்டு. ஓதம் உள்ள இடத்தில், கையகலத்தைவிடச் சற்றுப் பெரிய அலுமினியத் தாளையோ கெட்டியான பாலித்தீன் தாளையோ வைத்து, நான்கு ஓரங்களையும் காற்றுப் புகாதபடி ஒட்டி, ஓரிரு நாள் விட்டுப் பாருங்கள். தாளின் சுவர்ப்பக்கம் ஈரம் கோத்திருந்தால் நீர் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறைப்பக்கம் ஈரம் படிந்திருந்தால், அறைக்காற்றில் உள்ள நீராவி குளிர்ந்த சுவரில் படிகிறது. பின்னதற்கு மருந்து பூச்சு அன்று, காற்றோட்டம். துணியை அறைக்குள் உலர்த்தாமல் இருப்பதும், அலமாரியைச் சுவரிலிருந்து சற்றுத் தள்ளி வைப்பதுமே பல வீடுகளில் போதுமானவையாக இருக்கின்றன.

நீர் உள்ளிருந்து வருவதாகத் தெரிந்தால், அந்தச் சுவரின் மறுபக்கத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். குளியலறையா, கழிவுநீர்க் குழாயா, மழைநீர் விழும் இடமா, தோட்டத்து மண் உட்தரையைவிட உயரமாகக் குவிந்திருக்கிறதா? ஓதம் தரையை ஒட்டிப் பட்டையாக ஓடுகிறதா, ஒரே இடத்தில் வட்டமாக இருக்கிறதா என்பதும் ஒரு தடயம்: பட்டையாக இருந்தால் பெரும்பாலும் நிலத்து ஈரம், வட்டமாக இருந்தால் பெரும்பாலும் குழாய். மழை பெய்த பிறகு மட்டும் கருக்குமானால், வெளிச்சுவரின் விரிசலையும் சன்னலைச் சுற்றியுள்ள இடைவெளியையும் அடைப்பதே வேலை.

மூலத்தை அடைத்த பின்னும் உடனே பூசக்கூடாது என்பதுதான் பொறுமையைச் சோதிக்கும் பகுதி. நன்றாக நனைந்த கனத்த சுவர் ஏறக்குறைய 25 மில்லிமீட்டர் தடிமனுக்கு ஒரு மாதம் என்ற அளவில் உலரும் என்பது பழைய கட்டடங்களைப் பேணுபவர்கள் கையாளும் தோராயக் கணக்கு. உதிரும் காரையைத் தட்டி எடுத்துவிட்டு, சுவரை அப்படியே திறந்து விடுங்கள். பூத்த உப்பை நீர்விட்டுக் கழுவாதீர்கள். கழுவினால் அது கரைந்து மீண்டும் உள்ளே போகும். உலர்ந்த தூரிகையால் தேய்த்துத் துடைத்தெடுங்கள். புதிதாகச் சிமெண்ட் காரை பூசினால் சுமார் 28 நாள் கழித்து, சிமெண்டின் காரத்தைத் தாங்கும் பிரைமர் என்னும் அடிப்பூச்சை அடித்து, அதன்மேல் வண்ணம் பூசுங்கள். அதுவரை அழகின்றி இருக்கும் அந்தச் சுவரைப் பார்த்து வருகிற உறவினர்கள் கேள்வி கேட்பார்கள். கேட்கட்டும்.

கேள்வி: சுவரில் துளையிட்டுப் பொருத்திய புத்தகப் பலகை ஒரு வாரத்திலேயே தொங்கத் தொடங்கிவிட்டது. திருகாணியைக் கையாலேயே பிடுங்க முடிகிறது. எங்கே தவறு?

பதில்: பெரும்பாலும் துளையில்தான். துளைக்குள் செருகித் திருகாணியைப் பிடிக்கவைக்கும் பிளாஸ்டிக் பிளக்கின் அளவும், துளையிடும் டிரில் பிட்டின் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். 6 மில்லிமீட்டர் பிளக்குக்கு 6 மில்லிமீட்டர் பிட். துளையிடும்போது கை ஆடினால் துளை அகன்றுவிடும். பிளக்கின் நீளத்தைவிடச் சில மில்லிமீட்டர் ஆழமாகத் துளைத்து, உள்ளிருக்கும் தூளை முழுவதும் வெளியேற்றிவிட்டுத்தான் பிளக்கைச் செருக வேண்டும். தூள் கிடக்கும் துளையில் அது பிடிப்பதில்லை. சுவரின் மேலுள்ள காரைக்கு வலு இல்லை என்பதால், பிளக் அதைத் தாண்டிச் செங்கல்லுக்குள் போயிருக்க வேண்டும். பிட்டிலிருந்து மாவுபோல் வெண்சாம்பல் தூள் எளிதாக வந்துகொண்டே இருந்தால், உங்கள் சுவர் இலேசான காற்றுக்கலவைக் கட்டிகளால் (ஏ.ஏ.சி. பிளாக்) ஆனதாக இருக்கலாம். அத்தகைய சுவரில் கருவியைச் சுத்தியல் முறையில் ஓட்டக்கூடாது. அதற்கென்றே விற்கப்படும் பிளக்கை வாங்க வேண்டும். இப்போதுள்ள துளை அகன்றுவிட்டதால் அதை அடைத்துவிட்டு, சற்றுத் தள்ளிப் புதிதாகத் துளையிடுங்கள்.

சுவிட்சுப் பெட்டிக்கு நேர் மேலும் கீழும், அதே மட்டத்தில் இருபுறமும் கம்பி ஓடக்கூடும் என்பதால் அந்தப் பட்டைகளில் துளையிடாதீர்கள். குளியலறைக் குழாய்களுக்கு நேர் மேலும் கீழும் அப்படியே. கான்கிரீட், செங்கல் தூளில் நுண்ணிய சிலிக்கா இருக்கிறது. அது நுரையீரலுக்குக் கேடு. துணியை மூக்கில் கட்டிக்கொள்வது போதாது, தூசிக்கான முகமூடியும் கண்ணாடியும் வேண்டும். உயரமான அலமாரி எதுவானாலும், அது தானாகவே நிற்கிறது என்று நம்பாமல் மேற்பகுதியைச் சுவரோடு பிணைத்துவிடுங்கள். வீட்டில் குழந்தை இருந்தால் இது விருப்பத்துக்கு விட்ட வேலையன்று.

கேள்வி: நாங்கள் குடிபுகுந்திருப்பது மிகப் பழைய வீடு. சன்னல் மரத்தில் அடுக்கடுக்காகப் பழைய வண்ணம் இருக்கிறது. உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிட்டுப் புதிதாகப் பூச நினைக்கிறேன். இரண்டு வயதில் மகன் இருக்கிறான்.

பதில்: தேய்ப்பதற்கு முன் நல்லவேளையாகக் கேட்டீர்கள். பழைய எண்ணெய் வண்ணங்களில், சிறப்பாக வெள்ளை, மஞ்சள், சிவப்பு நிறங்களில், ஈயச் சேர்மங்கள் பரவலாகக் கலக்கப்பட்டன. உலர்ந்த நிலையில் தேய்த்தால் அந்த ஈயம் தூசியாகித் தரையில் படியும். தரையில் தவழ்ந்து கையை வாயில் வைக்கும் குழந்தையின் உடலில் அது சேரும். சிறு குழந்தைகளின் மூளை வளர்ச்சியை ஈயம் பாதிக்கிறது, அதற்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கண்டறியப்படவில்லை. முதலில் ஒரு சிறு துண்டைப் பெயர்த்து ஆய்வகத்தில் சோதித்துப் பாருங்கள். ஈயம் இருந்து, வண்ணம் உரியாமல் உறுதியாக இருந்தால், அதன்மேலேயே புதிய வண்ணத்தைப் பூசி மூடுவது தேய்ப்பதைவிடப் பாதுகாப்பானது. உரிந்துகொண்டிருந்தாலும், திறக்கும்போது உராய்ந்து தூள் உதிர்ந்தாலும், அப்பணியில் பயிற்சி பெற்றவர்களைக் கொண்டு எடுப்பதே சரி. தீச்சுடரால் பொசுக்கி எடுப்பதை எக்காரணத்தாலும் செய்யாதீர்கள்.

கேள்வி: மழை தொடங்கியதும் அறைக்கதவு நிலையில் இறுகிக்கொள்கிறது. இழைப்புளியால் இழைத்துவிடலாமா?

பதில்: இப்போது இழைத்தால், காற்று உலர்ந்ததும் மரம் சுருங்கி இடைவெளி விழும். முதலில் கீலின் திருகாணிகளை இறுக்குங்கள். கதவு தொய்ந்ததாலேயே இறுகுவது மிகவும் வழக்கம். திருகாணி பிடிக்காமல் சுற்றினால், துளையில் மரப்பசை தோய்த்த மரச்சிம்புகளைச் செருகி, பசை உலர்ந்த பிறகு மறுபடி முடுக்குங்கள். அதன் பின்னும் இறுகினால், உராயும் இடத்தைச் சுண்ணக்கட்டியால் அடையாளம் கண்டு வைத்திருந்து, உலர்ந்த பருவத்தில் மிகச் சிறிதளவே இழையுங்கள். இழைத்த பக்கத்தோடு கதவின் மேல் விளிம்பையும் அடி விளிம்பையும் மறவாமல் பூசுங்கள். அவ்விரண்டும் கண்ணில் படுவதில்லை என்பதால் பெரும்பாலும் பூசப்படாமலே விடப்படுகின்றன. மரம் ஈரத்தை மிகுதியாக உறிஞ்சுவதோ அங்கேதான்.

கேள்வி: கூடத்தையும் சமையலறையையும் பிரிக்கும் சுவரை நாங்களே இடித்துவிடலாம் என்கிறார் என் தம்பி. தட்டிப் பார்த்தால் மெல்லிய சுவர்தான். அதே சுவரில் சில விரிசல்களும் உள்ளன.

பதில்: தட்டிப் பார்த்து எடையைத் தாங்கும் சுவரா என்று அறிய முடியாது. தூணும் உத்தரமும் உள்ள கட்டடத்தில் இடைச்சுவர்கள் பெரும்பாலும் மேல்தளத்தைத் தாங்குவதில்லை என்பது உண்மையே. ஆனால் உங்கள் கட்டடம் அத்தகையதா, அந்தச் சுவர் அத்தகையதா என்பதைக் கட்டுமானப் பொறியாளர்தான் சொல்ல வேண்டும். உங்கள் தம்பி பொறியாளராக இருந்தால் வரைபடத்தைக் காட்டச் சொல்லுங்கள்; இல்லையென்றால் அவர் கையிலிருந்து சுத்தியலை வாங்கி வைத்துவிடுங்கள்.

விரிசல்களைப் பொறுத்தவரை, வலைபோல் மெல்லியதாகப் படர்ந்திருப்பவை காரை உலர்ந்து சுருங்கியதால் வந்தவை. பட்டி பார்த்தால் போதும். சன்னல் அல்லது கதவு மூலையிலிருந்து சாய்வாக ஏறுவது, ஒரு முனையில் அகன்று மறுமுனையில் குறுகுவது, சுவரின் இருபுறமும் தெரிவது, 5 மில்லிமீட்டருக்கு மேல் அகன்றிருப்பது ஆகியவற்றைப் பூசி மறைக்காதீர்கள். விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டு, தேதியும் அகலமும் எழுதி, சில மாதங்கள் கவனியுங்கள். கோட்டைத் தாண்டி வளர்ந்தால், அந்தப் பதிவோடு பொறியாளரை அழையுங்கள்.

கேள்வி: குளியலறை ஓடுகளில் முந்தைய குடித்தனக்காரர்கள் விட்டுச்சென்ற கறை போகவில்லை. அமிலமும் பிளீச்சிங் பவுடரும் சேர்த்துத் தேய்க்கலாம் என்கிறார்கள்.

பதில்: ஒருபோதும் கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வெளிவரும். அடைத்த குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. அம்மோனியா கலந்த திரவத்தோடு பிளீச்சைச் சேர்த்தாலும் நச்சு வாயுதான் உண்டாகும். வெண்மையான உப்புக் கறைக்கு வினிகரோ சிட்ரிக் அமிலக் கரைசலோ போதும். ஆனால் பளிங்கு, சுண்ணாம்புக்கல் தரைகளை அவை அரித்துவிடும் என்பதால், பீங்கான் ஓடுகள்தாம் என்று உறுதிசெய்துகொண்டு ஒரு மூலையில் சோதித்த பின் பயன்படுத்துங்கள். கறுப்புப் பூஞ்சைக்கு நீர்த்த பிளீச்சை வேறொரு நாளில், இடத்தை நன்றாக நீர்விட்டு அலசிய பிறகு, சன்னலைத் திறந்துவைத்து, கையுறையோடு தனியாகப் பயன்படுத்துங்கள். தொட்டியைச் சுற்றியுள்ள சிலிக்கான் பட்டைக்குள்ளேயே கறுப்பு ஏறியிருந்தால் தேய்ப்பதில் பயனில்லை. அதை வெட்டி எடுத்து, இடத்தை முற்றிலும் உலரவிட்டு, புதிதாகச் சிலிக்கான் இட்டு, ஒரு நாளாவது நீர் படாமல் வைத்திருங்கள்.