பாட்டியிடம் சௌராஷ்டிரம் பேசினால் ஆங்கிலம் வராதா?

கேள்வி: மதுரை மகால் பகுதியில் வசிக்கிறோம். வீட்டில் சௌராஷ்டிரம், தெருவில் தமிழ். மூன்றாம் வகுப்பை ஆங்கில வழியில் படிக்கும் மகள் வழிக்கணக்குகளில் திணறுகிறாள். வீட்டிலும் ஆங்கிலமே பேசுமாறு ஆசிரியை கூறுகிறார். சுங்குடிக்கு முடிச்சுப் போட்ட கதைகளைப் பாட்டி சௌராஷ்டிரத்தில் சொல்வதை நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்த வேண்டாம். ஆசிரியையின் அக்கறை நியாயமானது. அவர் காட்டும் வழிதான் பொருந்தாது. உங்களுக்கே சரளமாக வராத ஆங்கிலத்தில் பேசத் தொடங்கினால், ‘சாப்பிடு’, ‘எழுது’, ‘தூங்கு’ என்ற அளவில் பேச்சு சுருங்கிவிடும். துணியை முடிச்சிட்டுச் சாயத்தில் தோய்த்தால் முடிச்சிட்ட இடம் மட்டும் ஏன் வெள்ளையாக நிற்கிறது என்று பாட்டி விளக்கும்போதோ, காரணம், வரிசை, ஒப்பீடு ஆகிய அனைத்தையும் குழந்தை மொழியோடு சேர்த்தே கற்கிறாள்.

அன்றாட உரையாடலுக்கான ஆங்கிலம் ஏறத்தாழ 2 ஆண்டுகளில் வந்துவிடும் என்றாலும், பாடநூல் ஆங்கிலத்தில் சக மாணவர்களை எட்டுவதற்கு 5 முதல் 7 ஆண்டுகள் வரை ஆகும் என்பது கனடாவின் மொழிக்கல்வி அறிஞர் ஜிம் கம்மின்ஸின் முடிவு. தெருவிலும் ஆங்கிலம் ஒலிக்கும் நாட்டிலேயே அவ்வளவு காலம் என்றால், விளக்குத்தூணிலும் கீழவாசலிலும் தமிழையும் சௌராஷ்டிரத்தையும் கேட்டு வளரும் குழந்தையை மூன்றாம் வகுப்பிலேயே அவசரப்படுத்துவது முறையன்று.

சிக்கல் எங்கே இருக்கிறது என்பதை முதலில் கண்டறியுங்கள். அவள் படித்துத் திணறும் கணக்கை நீங்கள் ஆங்கிலத்திலேயே வாசித்துக் காட்டுங்கள். உடனே விளங்கிவிட்டால், குறை எழுத்துக்கூட்டி வாசிப்பதில் இருக்கிறது. அப்போதும் விளங்கவில்லை என்றால், ஒரு முழம் மல்லிகை 20 ரூபாய், மூன்று முழம் எவ்வளவு என்பதுபோல் அதையே சௌராஷ்டிரத்தில் சொல்லுங்கள். விடை வந்தால், குறை ஆங்கிலச் சொற்களில். அதிலும் விடை வராவிட்டால் கற்பிக்க வேண்டியது கணக்கையே. வீட்டு மொழியை மாற்றி அதைச் சரிசெய்ய இயலாது.

இன்னொன்று: ஆங்கிலத்தில் குண்டூசியையும் குப்பைத்தொட்டியையும் குறிக்கும் சொற்களைத் (pin, bin) தமிழில் ‘பின்’ என்று ஒரே மாதிரிதான் எழுத முடியும். சௌராஷ்டிரத்திலோ அத்தகைய ஒலி வேறுபாடு பொருளையே மாற்றும். அம்மொழியைத் தமிழெழுத்தில் அச்சிடும்போது எழுத்தின் மேல் எண்ணிடுவது இதனால்தான். ஆகவே உங்கள் மகளின் காது அந்த வேறுபாட்டுக்கு ஏற்கெனவே பழகியது.

நாள்தோறும் 15 நிமிடம் எளிய ஆங்கிலக் கதையொன்றை அவளோடு சேர்ந்து வாசியுங்கள். பிறகு அதைப் பாட்டிக்குச் சௌராஷ்டிரத்தில் சொல்லச் செய்யுங்கள். புரியாமல் தாண்டிய இடங்கள் அப்போது தாமே வெளிப்படும். பாட்டி சொல்வதையே பின்தொடர முடியாமல் திணறுகிறாள் என்றால் மட்டும், வேறு எதற்கும் முன்பாகக் காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் கேட்புத்திறனைச் சோதித்துக்கொள்ளுங்கள்.